நீலவேணியின் தபால்பெட்டி

நீலவேணி கடலடியை ஆராய்கிற கப்பல். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டால் வாரக்கணக்கில் கரை பார்க்காது. கம்ப்யூட்டர் தெரிந்த விஞ்ஞானிகள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் தபால் என்று வந்தால் எல்லோரும் மேல்தளத்து ரேடியோ அறைக்குத்தான் வந்தாக வேண்டும். செயற்கைக்கோள் இணைப்பு காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் திறக்கும். படம், வண்ணம் எதுவும் அதன் வழியே வராது. எழுத்து மட்டும் வரும்.

மொத்தக் கப்பலுக்கும் ஒரே தபால்பெட்டி. கறுப்புத் திரையில் வரிவரியாகக் கடிதங்கள் நிற்கும். ஏதாவது ஒரு வரிக்கு நேரே சின்ன அம்புக்குறி. மவுஸுக்கு அங்கே வேலை கிடையாது. எதைச் செய்வதென்றாலும் ஒரு எழுத்தை அடிக்க வேண்டும். யார் பேருக்கு வந்திருக்கிறதோ அவருக்கு அதை அச்செடுத்து, மடித்து, கையில் கொடுப்பது வழக்கம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் ரேடியோ ஆபீசர் பெர்னதெத். முப்பது வயதை இப்போதுதான் தாண்டியிருந்தாள். அடுத்த துறைமுகத்தில் இறங்கி விடுப்பில் போகப் போகிறாள் என்பதால், தபாலை யாராவது கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கேப்டன் கைகாட்டியது கோமதிநாயகத்தை. அவர் கப்பலின் நிர்வாக அலுவலர். ஐம்பதை நெருங்கியவர். ஒரு காலத்தில் சுருக்கெழுத்து, தட்டச்சு இரண்டிலும் பரிசு வாங்கியவர். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமலேயே அடிப்பார்.

தன்னைவிடச் சின்னவளிடம் கற்றுக்கொள்வதில் அவருக்கு ஒன்றும் கூச்சம் இல்லை. முதல் நாளே விளையாட்டாக அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அந்தப் பேர் அப்படியே நின்றுவிட்டது. அவள் எல்லோரையும் போல அவரை அண்ணாச்சி என்றாள்.

பெர்னதெத் அதிகம் விளக்க மாட்டாள். தன் பேருக்குத் தானே எழுதிக்கொண்ட வெற்றுக் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு அவர் முன்னால் திறந்து வைத்தாள். எதை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கச் சொன்னாள்.

கோமதிநாயகம் 'டி' அடித்தார். அழிப்பதற்கான எழுத்து அது. வரியின் ஓரத்தில் ஒரு டி வந்து உட்கார்ந்தது. கடிதம் அங்கேயே இருந்தது.

"அழியலையே டீச்சர்?"

"நீங்க சொன்னதைக் குறிச்சு வச்சிருக்கு. அவ்வளவுதான்."

'யூ' அடிக்கச் சொன்னாள். ஓரத்து டி மறைந்தது. மறுபடி டி போட்டுவிட்டு, வெளியே போவதற்கான 'க்யூ' அடிக்கச் சொன்னாள். போகிற வாசலில் திரை ஒரு கேள்வி கேட்டது. குறித்ததை நிஜமாகவே அழித்துவிடட்டுமா? ஆமாம் என்றால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் இன்னொன்று.

கோமதிநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. முன்பு வேலை பார்த்த ஆபீசில், கையெழுத்துப் போட்ட பிறகும் கோப்பைத் திருப்பி அனுப்பி, சரிதானா என்று கேட்கிற ஒரு மேலதிகாரி இருந்தார். அவர் ஞாபகம் வந்தது.

"ஒரு தடவை சொன்னது போதாதா? திரும்பத் திரும்ப எதுக்குக் கேக்கணும்?"

"காது கேக்காம கேக்கல அண்ணாச்சி" என்றாள் பெர்னதெத்.

சில நாளிலேயே அவருக்கு எல்லாம் கைவந்துவிட்டது. பெர்னதெத் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டு ஆன்டெனாவைப் பார்க்கப் போய்விடுவாள். அவர் தனியாக உதவிப் பக்கங்களைத் திறந்து படித்தார். படிக்கப் படிக்க ருசி தட்டியது. ஒவ்வொரு கடிதமாகப் போய் டி அடிக்க வேண்டியதில்லை. பெரிய டி அடித்தால் எந்த மாதிரிக் கடிதம் என்று கேட்கும். ஒரு சொல்லையோ முகவரியையோ கொடுத்தால், அது உள்ள கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் குறி விழும். வாசலில் கேட்கிற அந்தக் கேள்வியையும் நிறுத்திவிடலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

மாற்றினார். பெர்னதெத்திடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது அவருக்குப் படவும் இல்லை.

கப்பலுக்கு அப்போது குப்பைத் தபால் நிறைய வந்துகொண்டிருந்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, எடை குறைக்கலாம் என்கிற ரகம். பெரும்பாலும் ஒரே இலவச அஞ்சல் சேவையின் முகவரிகளிலிருந்து வந்தன. மாலுமிகளின் வீட்டுக் கடிதங்களோ கம்பெனியின் கரை அலுவலகம் வழியாகத்தான் வரும். ஆகவே கோமதிநாயகம் காலையில் பெட்டியைத் திறந்ததும் பெரிய டி அடித்து அந்தச் சேவையின் பேரைக் கொடுப்பார். குறி விழும். க்யூ. பெட்டி சுத்தம். திரும்பத் திறந்து, மிஞ்சியதை நிதானமாக அச்செடுப்பார்.

ஒரு காலை அப்படித்தான் அடித்தார். குறிகள் விழுந்தன. விரல் க்யூவுக்குப் போனது. விரல் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் அந்த வரியில் விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அப்பாவுக்கு. வேதமாணிக்கம், விஞ்ச் ஆபரேட்டர்.' அனுப்பியவர் பேர் ஜெபக்கனி, அதே இலவசச் சேவையின் முகவரி. ஓரத்தில் டி.

திரை வெறுமையானது.

பெட்டியைத் திரும்பத் திறந்தார். அந்த வரி இல்லை. யூ அடித்தார். மீட்பதற்கு ஒன்றும் இல்லை என்றது திரை.

வேதமாணிக்கத்தைக் கப்பலில் தெரியாதவர் இல்லை. கடலடிக்குக் கருவிகளை இறக்கி ஏற்றுகிற விஞ்ச் அவர் கையில்தான் இருந்தது. குமரி மாவட்டத்துக்காரர். ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தான் விரும்பிய பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி இந்தப் படியேறாதே என்று அப்பா சொன்னதாகப் பேச்சு. அவர் பேருக்குத் தபால் வந்ததே கிடையாது. மற்றவர்கள் கடிதம் வாங்க மேலே ஏறி வருகிற நேரத்தில் அவர் விஞ்சுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பார்.

பெர்னதெத் ஆன்டெனா அடியில் நின்றிருந்தாள். கோமதிநாயகம் போய் நடந்ததைச் சொன்னார். கேள்வியை நிறுத்தி வைத்ததையும் சொன்னார். போனதைத் திருப்பிக் கொண்டுவர ஏதாவது கட்டளை இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் கீழே வந்து, தேட முடிந்த இடமெல்லாம் தேடினாள். கப்பலுக்கு வந்து சேர்ந்ததும் கரையில் இருக்கிற பிரதி அழிந்துவிடும். அப்படித்தான் ஏற்பாடு. எந்த முகவரியிலிருந்து எப்போது வந்தது என்ற பதிவு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டவில்லை. கோமதிநாயகத்துக்குத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கீழே விஞ்ச் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவருக்குத் தெரியாதே டீச்சர்" என்றார் கோமதிநாயகம். "கடிதம் வரும்னு அவர் எதிர்பாக்கவே இல்ல."

"அனுப்பினவ எதிர்பாத்துக்கிட்டிருப்பா."

அவர் துண்டுத்தாளைப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து எழுதியிருக்கிறாள். இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த வாரம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் வராது. அப்பா படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைப்பாள். அதற்கப்புறம் எழுத மாட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுக் கடிதத்துக்கான 'எம்' அடித்தார். ஆபீஸ் கடிதம் ஆயிரக்கணக்கில் எழுதிய கை. மளமளவென்று ஓடியது. தாங்கள் அனுப்பிய கடிதம் தொழில்நுட்பக் கோளாறு காரணமாக உரியவருக்குச் சேர இயலாமல் போனது, தயவுசெய்து மீண்டும் அனுப்பவும், இப்படிக்கு நீலவேணி தகவல் தொடர்புப் பிரிவு. அனுப்புவதற்கு முன் பெர்னதெத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் குனிந்து படித்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"எந்தக் கோளாறு அண்ணாச்சி? சொல்லுங்க, சரி பண்ணிருவோம்."

கிண்டல் மாதிரியே இல்லை. நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றாள்.

கோமதிநாயகம் திரைக்குத் திரும்பினார். எழுதியதை அழித்தார். இந்த முறை விரல்கள் ஓடவில்லை. விசைப்பலகையைக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

'அம்மா ஜெபக்கனி, நான் கோமதிநாயகம். கப்பலில் தபாலைப் பார்த்துக்கொள்கிறவன். நீ அப்பாவுக்கு எழுதியதை நான் அவசரத்தில், படிக்காமல் அழித்துவிட்டேன். உங்கள் அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் பதில் எழுதாததற்குக் காரணம் நான், அவர் இல்லை. திரும்ப எழுதுவாயா?'

பெர்னதெத் இதையும் படித்தாள். இழுப்பறையை மூடினாள்.

மாலை இணைப்பில் கடிதம் போனது. போனதற்குப் பிறகுதான் கோமதிநாயகம் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். வேதமாணிக்கம் விஞ்சின் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்று காலை உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது, மகளிடமிருந்து, நான் பார்க்காமல் அழித்துவிட்டேன், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, மேலே இருந்த வரியை மட்டும் பார்த்தேன்.

கையை ஓங்கிவிடுவார் என்றே நினைத்திருந்தார். வேதமாணிக்கம் துணியைக் கீழே வைத்தார்.

"மேல என்ன எழுதியிருந்தா?"

"அப்பாவுக்குன்னு எழுதியிருந்தா."

வேதமாணிக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒருக்க கூடி சொல்லுங்க சாரே" என்றார்.

கோமதிநாயகம் மறுபடியும் சொன்னார். வேதமாணிக்கம் தலையை ஆட்டிவிட்டுத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கோமதிநாயகத்துக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருட்டுகிற வரைக்கும் இருவரும் அந்த வேலையைச் செய்தார்கள்.

அடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோமதிநாயகம் காலை இணைப்புக்கு முன்பே ரேடியோ அறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். குப்பைத் தபாலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். லாட்டரிக் கடிதத்தைக் கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் டி போட்டார். பெர்னதெத் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். வேதமாணிக்கம் மேலே ஏறி வந்து கேட்கவில்லை. ஆனால் தபால் நேரத்தில் விஞ்ச் சத்தம் நின்றுபோவதைக் கோமதிநாயகம் கவனித்தார்.

துறைமுகம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெர்னதெத் ஊருக்குப் போகத் துணிமணிகளைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். அப்போது ஒரு காலை, வரிகளுக்கு நடுவே அந்த முகவரி வந்து நின்றது. கோமதிநாயகம் அம்புக்குறியை மெல்ல அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கடிதம் அவர் பேருக்குத்தான் வந்திருந்தது. அவர் எழுதியதற்குப் பதில்.

திறக்க என்டர் தட்டினால் போதும். தட்டவில்லை.

"டீச்சர், என் பேருக்கு வந்திருக்கு. உள்ள எழுதியிருக்கறது எனக்கா, அவருக்கான்னு தெரியல. நான் திறக்கலாமா?"

பெர்னதெத் எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது கூடவே வேதமாணிக்கம் வந்தார். வாசலில் நின்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் அவரைக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் இதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கறுப்புத் திரையைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

கோமதிநாயகம் என்டரைக் காட்டினார். வேதமாணிக்கம் ஆள்காட்டி விரலால், ஏதோ சூடான பொருளைத் தொடுவது போல, அதைத் தொட்டார்.

நீளமான கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழ் என்பதால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. மற்ற இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பக்கம் தீர்ந்தபோது மட்டும் அவர் தொண்டையைச் செருமினார். கோமதிநாயகம் திரையைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, இடைவெளிப் பட்டையைத் தட்டி அடுத்த பக்கத்தைக் கொண்டுவந்தார்.

உதடுகள் நின்றன. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

"வாசிச்சாச்சு" என்றார். "இனி எதை அமுக்கணும்?"

கோமதிநாயகத்துக்கு எல்லாம் மனப்பாடம். பதிலுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, பத்திரப்படுத்த ஒன்று, வெளியே போக ஒன்று. இருந்தும் அவர் பெர்னதெத்தைப் பார்த்தார்.

"ஒண்ணையும் அமுக்க வேண்டாம்" என்றாள் அவள். "அப்பிடியே இருக்கட்டும்."