கரண்டி பிடித்த களஞ்சிய அதிகாரி

அந்தக் காலத்திலே செங்கழனி என்றொரு நாடு, அதை ஆண்டவன் வீரகேது என்றொரு ராஜா. நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மழை பெய்தால் குடைக்காரனுக்குப் பரிசு கொடுப்பான், வெயிலடித்தால் அவனையே துரத்திவிடுவான்.

ஒருநாள் தன் வெள்ளைக் குதிரைக்குக் காலில் சுளுக்கு என்று கேள்விப்பட்டு லாயத்துக்கு வந்தான். அங்கே ஒரு குடிசையில் குழம்பு கொதிக்கிற வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. ராஜாவாவது கௌரவமாவது! குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான். குதிரைக்காரன் மூக்கனின் மனைவி செவ்வந்தி பதறிப்போய், இருந்ததை இலையில் வைத்தாள். சுண்டைக்காய் வத்தல் குழம்பு, வேலியில் பறித்த முருங்கைக்கீரை, பீர்க்கங்காய்த் தோலை வதக்கி அரைத்த துவையல். அவ்வளவுதான். ராஜா ஐந்து விரலையும் நக்கினான்.

“அரண்மனையில் நாற்பது சமையல்காரர்கள் இருந்து என்ன பிரயோசனம்? ஒருத்தி தோலிலே சொர்க்கத்தைக் காட்டிவிட்டாள்!” என்று சபையில் போய்ச் சொன்னான்.

களஞ்சியத்துக்கும் மடைப்பள்ளிக்கும் அதிகாரியான தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. எழுந்து கைகட்டிச் சொன்னார்: “பிரபு, லாயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு இரண்டு நாழி அரிசி அளக்கிறோம். அதில் இப்படி விருந்து நடக்கிறதென்றால், அளப்பது அதிகம் என்றுதானே அர்த்தம்? ஒரு நாழியே தாராளம்.”

“அதுவும் சரிதான்! அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாழி!” என்றான் ராஜா. புகழ்ந்த வாய் மூடுவதற்குள் அரிசி பாதியாகிவிட்டது.

லாயத்தில் முப்பது வீடு. அத்தனை வீட்டுப் பெண்களும் செவ்வந்தி வாசலில் வந்து நின்றார்கள்.

“உன்னை யாருடி அவ்வளவு ருசியா ஆக்கச் சொன்னது? உன் கைப்பக்குவத்துக்கு எங்க புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?”

பாவம் செவ்வந்தி! நன்றாகச் சமைத்ததுதான் அவள் செய்த குற்றம். உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

“மகாராஜா, ஒரு நாழி போதும்னா நாங்க வாய் திறக்க மாட்டோம். மூணு நாளைக்கு அந்த ஒரு நாழியில நானே ஆக்குறேன். வீட்டுல மாமியாரும் மூணு புள்ளைங்களும் இருக்காங்க. என் இடத்துலயும் எங்க வீட்டுக்காரர் இடத்துலயும் நீங்களும் இந்த அதிகாரி ஐயாவும் வந்து இருங்க, மூணு நாளும் வேற எங்கேயும் வாய் நனைக்கக் கூடாது. நாங்க அண்ணன் வீட்டுல சாப்பிட்டுக்கிறோம். முடிவு உங்க வாயாலயே வரட்டும்.”

“பலே! யாருக்கு எந்த இடம்?” என்றான் ராஜா.

“ஒருத்தர் எங்க வீட்டுக்காரர் இடம், உக்காந்து சாப்பிடணும். இன்னொருத்தர் என் இடம், பரிமாறணும்.”

தாண்டவராயர் முந்திக்கொண்டார். முப்பது வருஷம் மடைப்பள்ளியில் இருந்தவர் அவர். அங்கே கரண்டி பிடித்தவன் முதலில் தன் வயிற்றைக் கவனித்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்ப்பான்.

“கரண்டி எனக்கு!” என்றார். செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்கத்தான்.

“உப்பை அள்ளிப் போட்டுடு. ராஜா துப்பிட்டு ஓடிடுவாரு” என்று அடுத்த வீட்டுக்காரி யோசனை சொன்னாள். செவ்வந்திக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டைக் கெடுப்பதற்கு அவள் கை வளையாது. எப்போதும் போலத்தான் சமைத்தாள்.

முதல் நாள் இலை போட்டதும், “ஐயா, எங்க வீட்டு வழக்கம் ரெண்டு இருக்கு” என்றாள். “கேட்டவங்களுக்கு இல்லேங்காம போடணும். எல்லாரும் எழுந்த பிறகுதான் கரண்டி பிடிச்சவங்க உக்காரணும்.”

“அதற்கென்ன!” என்றார் தாண்டவராயர்.

ராஜா குழம்பு கேட்டான். குழம்புக்குச் சோறு கேட்டான். மிஞ்சிய சோற்றுக்குத் துவையல் கேட்டான். பிள்ளைகள் மூன்றும் சளைக்காமல் கேட்டன. எல்லோரும் எழுந்தபோது பானையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கைப்பிடி. அதிகாரி அதை மென்றுவிட்டு மீசையை நீவிக்கொண்டார். இரண்டாம் நாள் அந்தக் கைப்பிடியும் இல்லை. மூன்றாம் நாளும் அதே கதைதான். ராஜா, “பேஷ், இன்னும் ஒரு கரண்டி!” என்றபோது அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். தாண்டவராயர் குழம்புச் சட்டியில் தண்ணீரை ஊற்றி, அலசி, மடமடவென்று குடித்தார். செங்கழனி நாட்டுக் களஞ்சியமே அவர் கையில். குடித்ததோ சட்டி கழுவிய தண்ணீர்!

கை கழுவப் போன ராஜா அதைப் பார்த்துச் சிரித்தான். “என்ன ஓய் இது?”

செவ்வந்தியின் மாமியார் மூலையிலிருந்து சொன்னாள்: “சிரிக்காதீங்க சாமி. ரெண்டு நாழி அளந்தப்பவே எம் மருமக பாதி நாள் இப்படித்தான் குடிப்பா. கேட்டா பசியில்லேம்பா. நானும் தெரிஞ்சுக்கிட்டே தின்னுட்டு எழுந்திருவேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. “தாண்டவராயரே, ஒரு நாழி போதுமா?”

“போதாது பிரபு. சத்தியமாய்ப் போதாது.”

“உம்முடைய பங்கை மூன்று நாளும் தின்றவன் நான்தான். போதாமல் அளந்து இவளுடைய பங்கைத் தின்றவர்கள் நாமிருவரும்.” ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. “இன்று முதல் வீட்டுக்கு இரண்டு நாழி. அதற்கு மேல், ஆக்குகிறவள் பங்கென்று அரை நாழி. அதை நீரே தினமும் வீடு வீடாக வந்து அளக்க வேண்டும். முதல் அளவை இப்போதே இங்கே கொண்டு வாரும்!”

அரிசி வந்தது, சோறு வெந்தது. ராஜா செவ்வந்திக்கு இலை போட்டான். “ஐயாவுக்கும் ஒரு இலை போடுங்க மகாராஜா, மூணு நாளாப் பட்டினி” என்றாள் அவள். தாண்டவராயர் தலை நிமிராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ராஜாவே கரண்டியை எடுத்துப் பரிமாறினான். தனக்கு முன்னால் ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்துச் செவ்வந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாய், இரண்டு வாய், இலை காலியாயிற்று.

“போதுமா அம்மா?” என்று கேட்டான் ராஜா.

“போது...” என்று வழக்கம்போல வாய் ஆரம்பித்துவிட்டது. அவள் அதை அப்படியே நிறுத்தினாள்.

“இன்னும் ஒரு கரண்டி போடுங்க மகாராஜா.”