அழுக்கைக் கேட்ட புனுகுப்பூனை

ஒரு காட்டில், வாசனையை வைத்தே படம் போடுகிற புனுகுப்பூனை ஒருத்தி இருந்தாள். பெயர் மரிக்கொழுந்து. படம் என்றால் கண்ணால் பார்ப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், குழந்தைகளே. காட்டு மிருகங்களைக் கேட்டால் சிரிக்கும். யார் வந்தார்கள், யார் போனார்கள், எங்கே பழம் பழுத்திருக்கிறது என்பதையெல்லாம் அவற்றுக்கு மூக்குதான் சொல்லும்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. காட்டில் ஒரே ஒரு சுனை மட்டும் வற்றாமல் இருந்தது. மலை உச்சியில் வாழ்ந்த கழுகுகள் அது தங்களுக்கே சொந்தம் என்றன. கீழே இருந்த மிருகங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வாய்ச்சண்டை முற்றிப் போராகிவிட்டது.

வானம் முழுக்கக் கழுகுகள் வசம் இருந்ததால் வெட்டவெளியில் தலைகாட்ட முடியவில்லை. மான், முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு குகைக்குள் புகுந்துகொண்டன. மரிக்கொழுந்தும் தன் மகன் பூவனோடு அங்கே வந்து சேர்ந்தாள்.

குகைக்குள் கும்மிருட்டு. அங்கேயே பிறந்த குட்டிகளும் இருந்தன. அதில் ஒரு முயல்குட்டி தன் அம்மாவிடம், "புல்லுன்னா என்னம்மா?" என்று கேட்டது. அம்மா குட்டியை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மரிக்கொழுந்து அதைக் கேட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

குகை வாசலில் இடி விழுந்து பிளந்த வேங்கை மரத்துண்டு ஒன்று பலகை மாதிரிக் கிடந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பான பட்டை. மறுபக்கம் வழவழப்பான மரம். மரிக்கொழுந்து அதை உள்ளே இழுத்துவந்து பட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். மரப்பிசினையும் தன் புனுகையும் குழைத்து அதன் மேல் பூசினாள். புனுகு சேர்ந்தால் வாசனை ஓடிப்போகாது.

பிறகு படம் போடத் தொடங்கினாள். அடியில் சுனைப் பாசியை வைத்துத் தேய்த்தாள். அதற்கு மேலே பனி படிந்த புல். ஓரத்தில் நாவல் பழம். மழைக்கு முன்னால் வருமே மண்வாசனை, அதைக்கூட எங்கிருந்தோ கொண்டுவந்து உச்சியில் சேர்த்துவிட்டாள். எப்படிக் கொண்டுவந்தாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள். கொஞ்சம் கர்வக்காரி.

குட்டிகள் வரிசையாக வந்து மூக்கை வைத்தன. குகைக்குள் இருந்தபடியே காடு முழுக்கச் சுற்றிவந்தன. புல் என்றால் என்னவென்று அந்த முயல்குட்டி பிறகு கேட்கவே இல்லை.

போகப் போக ஒரு வழக்கம் ஏற்பட்டது. இலை தழை கொண்டுவரவும் தண்ணீர் கொண்டுவரவும் வெளியே போகிறவர்கள், கிளம்பும் முன் அந்தப் பலகையில் கன்னத்தை ஒரு முறை உரசிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் இன்னொரு முறை உரசினார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அவர்கள் பலகையில் மட்டும் இருந்தார்கள்.

பூவனின் முறை வந்தது. அவன் பலகையின் இடது மூலையில் கன்னத்தை அழுத்தித் தேய்த்ததில் மீசையெல்லாம் பிசின் ஒட்டிக்கொண்டது. "எதையும் பதவிசா செய்யமாட்டியாடா?" என்று மரிக்கொழுந்து திட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். பிறகு வரவே இல்லை.

அன்றிலிருந்து பலகையின் இடது மூலைதான் அவளுக்கு வீடு. எல்லாரும் தூங்கும் போதும் அவள் அங்கேயே மூக்கை வைத்துப் படுத்துக்கிடந்தாள்.

ஒரு நாள் கழுகுகள் குகைக்குள்ளேயே புகுந்துவிட்டன. மிருகங்கள் பின்பக்கப் பொந்து வழியாகத் தப்பி ஓடின. மரிக்கொழுந்து மட்டும் பலகையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கழுகரசன் நெடுஞ்சிறகன் அதைப் பார்த்தான். உயிர் போகிற நேரத்தில் ஒருத்தி ஒரு மரத்துண்டை விடாமல் இழுக்கிறாள் என்றால் அது பெரிய பொக்கிஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். அவளை ஒரு தட்டுத் தட்டித் தள்ளிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

கொஞ்ச காலத்தில் மழை வந்தது. சுனை நிரம்பி வழிந்தது. காடெங்கும் தண்ணீர். போர் தானாக நின்றுபோனது. எதற்காக அடித்துக்கொண்டோம் என்பதே மறந்துபோன மாதிரி இரண்டு பக்கமும் நடந்துகொண்டன. தொலைந்த பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மலை உச்சியில் நெடுஞ்சிறகன் அந்தப் பலகையைத் தன் சபையில் பாறையோரமாக மாட்டிவைத்திருந்தான். கழுகுகளுக்குக் கண் மகா கூர்மை. மூக்கு சும்மா பெயருக்கு. அதனால் எந்தப் பக்கம் படம் என்று அவனுக்குத் தெரியவில்லை. வழவழப்பாக, செம்பழுப்பு ரேகைகளோடு இருந்த பக்கத்தை வெளியே வைத்து, பிசின் அப்பிய பட்டைப் பக்கத்தைப் பாறையைப் பார்க்கத் திருப்பிவிட்டான். அந்த ரேகைகள் தன் முன்னோர்கள் பறந்த பாதைகள் என்று சபையில் சொன்னான். மந்திரிப் பருந்து கழுத்தைச் சாய்த்து, "அடடா, அடடா" என்றது. எல்லாக் கழுகுகளும் கழுத்தைச் சாய்த்தன.

ஒரே ஒரு தொல்லை. பின்பக்கப் பிசினைத் தேடி எறும்புகள் சபைக்குள் ஊர்ந்து வந்தன. அரசனுக்கு எரிச்சல் வந்தது. பலகையை அருவிக்கு எடுத்துப் போய், பின்பக்க அழுக்கைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவும்படி உத்தரவு போட்டான்.

மலைக்குப் போய்வந்த குயில் ஒன்று இந்தச் செய்தியைக் காட்டில் சொன்னது. மரிக்கொழுந்து பதறிப்போனாள். தண்ணீர் பட்டுத் தேய்த்தால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். பூவன் போய்விடுவான்.

அவளுடைய சிநேகிதன் முத்தாண்டி என்கிற முள்ளம்பன்றி, முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்தான். உள்ளதை உள்ளபடி சொல்லி நியாயம் கேட்கலாம், அரசன் இணங்காவிட்டால் ஒரு கை பார்த்துவிடலாம் என்றான்.

"நியாயம் கேட்டா அவன் குடுக்கமாட்டான் முத்தாண்டி. அது நமக்கு உசுருன்னு தெரிஞ்சதாலதான் எடுத்துட்டுப் போனான். நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காம வா, அது போதும்" என்றாள் அவள்.

இருவரும் மலை ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, பலகையைப் பாறையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கும்போது அது சற்றுத் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது.

பூவன் வந்தான். நாவல் பழம் தின்ற வாயோடு, ஈர மீசையோடு, அவள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி வந்தான்.

 மரிக்கொழுந்துக்கு அப்படியே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் குகை இருட்டில் பலகையை இழுத்தவள் இவள்தான் என்று தெரியாமலே, நெடுஞ்சிறகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

"என்ன, உன் மூக்கு அப்படித் துடிக்குது?" என்று கேட்டான் அரசன்.

பாவம் அவள், என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நாத்தம் தாங்கல ராஜா. இவ்வளவு நல்ல மரத்துக்குப் பின்னால இவ்வளவு அழுக்கா?"

முத்தாண்டி திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

அரசனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அதைத்தான் கழுவப் போவதாகச் சொன்னான். மரிக்கொழுந்து பலகையின் வழவழப்பான பக்கத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, தண்ணீரில் போட்டு ஊறவைத்தால் இந்த ரேகையெல்லாம் வெளுத்துவிடும், மரம் கோணிக்கொள்ளும் என்று கவலைப்பட்டாள். மந்திரிப் பருந்து வேகமாகத் தலையாட்டியது. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் அதற்கு மனமில்லை.

"அப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றான் அரசன்.

"மரம் காஞ்சிடுச்சு ராஜா. பட்டை தானா கழண்டு வரும். நாங்க அழுக்கோட சேர்த்து உரிச்சு எடுத்துட்டுப் போயிடுறோம். உங்க பக்கத்துல ஒரு கீறல் விழாது."

"கூலிக்கு என்ன கேக்குற?"

"ஒண்ணும் வேண்டாம். அந்த அழுக்கைக் குடுத்தாப் போதும்."

சபையில் பெரிய சிரிப்பு எழுந்தது. தரையில் ஊர்கிற பிராணிகளுக்கு அழுக்குதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று ஒரு கிழட்டுக் கழுகு சொன்னது. நெடுஞ்சிறகன் சிறகை விரித்து, எல்லாரும் கேட்கும்படி, "அழுக்கு முழுக்க உனக்கே. இனி அது எனக்கு வேண்டாம்" என்று வாக்குக் கொடுத்தான்.

முத்தாண்டி தன் முள் ஒன்றைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லச் செருகினான். மரிக்கொழுந்து மறுபக்கம் நகத்தை விட்டு நெம்பினாள். பச்சை மரமாக இருந்திருந்தால் பட்டை கிழிந்து நாசமாகியிருக்கும். காய்ந்த மரமானதால், தூங்குகிற குழந்தை மேலிருந்து போர்வையை எடுக்கிற மாதிரி, முழுதாக வந்துவிட்டது. கழுகரசனிடம் வழவழப்பான கட்டை மிஞ்சியது. அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மரிக்கொழுந்து பட்டையைக் கவ்விக்கொண்டு மலையை விட்டுப் பாதி தூரம் இறங்கினாள். ஒரு மரத்தடிக்கு வந்ததும் பட்டையைக் கீழே வைத்து, இடது மூலையில் முகத்தைப் பதித்தாள்.

"உன்னைப் போய் அழுக்குன்னு சொல்லிட்டேன்டா கண்ணு" என்று விம்மினாள். முத்தாண்டி வேறு பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

அழுது முடித்து, அவள் மறுபடி ஆழமாக முகர்ந்தாள். சட்டென்று தலையைத் தூக்கினாள். பூவனின் கன்னம் பட்ட அதே இடத்தில், அதை ஒட்டினாற்போல், வேறு ஒரு வாடை இருந்தது. கழுகு வாடை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் அவன் பக்கத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சுரண்டி எறிய நகத்தை நீட்டினாள். சுரண்டுமுன், பூவனின் மேல் கீறிவிடக் கூடாதே என்று எல்லை பார்க்க மறுபடி முகர்ந்தாள்.

அது பெரிய கழுகின் வாடை இல்லை. பஞ்சு மாதிரி இறகு உள்ள குஞ்சின் வாடை. பாறைக்கும் பலகைக்கும் இடையில் நுழைந்து, இதன் மேல் கன்னத்தை வைத்து, ஒரு நாள் இல்லை, பல நாள் படுத்திருக்கிறது. பயத்துக்கு என்று ஒரு வாடை உண்டு. குகையில் இருந்த குட்டிகள் எல்லாவற்றின் மேலும் அது இருந்தது. இந்தக் குஞ்சின் மேலும் இருந்தது. ஆனால் தாயின் சிறகு வாடை மட்டும் துளிக்கூட இல்லை. போர் மலைமேலும் ஒரு தாயைக் கொண்டுபோயிருக்கிறது.

 மரிக்கொழுந்து நீட்டிய நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

காட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பட்டையை ஒரு பாறை நிழலில் வைத்தாள். அப்பாவைத் தேடி மான்குட்டிகள் வந்தன. அக்காவைத் தேடிக் கீரி வந்தது. அவரவர் இடம் கண்டுபிடித்து மூக்கை வைத்து நின்றார்கள். 

இடது மூலைக்கு வந்த முயல்குட்டி மட்டும் இரண்டு தரம் முகர்ந்துவிட்டுக் கேட்டது.

"அத்தே, பூவன் அண்ணன் பக்கத்துல யாரோ இருக்காங்களே. யாரது?"

கழுகு வாடையைப் பிடித்துவிட்ட பெரியவர்கள் முகம் கறுத்தது. சுரண்டிவிடலாமே என்று முயல் தாய் மெல்லச் சொன்னாள்.

மரிக்கொழுந்து குட்டியை அருகே இழுத்துக்கொண்டாள்.

"பேர் தெரியலைடா. மலைமேல அம்மா இல்லாம பயந்துக்கிட்டு இருந்திருக்கு. அண்ணன் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கு. இருக்கட்டும்."

முயல்குட்டி சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் தன் கன்னத்தையும் ஒரு முறை உரசியது.

நீதி: பறித்துப் போனவனுக்கு மரக்கட்டைதான் மிஞ்சும், கலையில் உள்ள அன்பை உணர்ந்தவருக்கே அது சொந்தம்.