இரண்டு கட்டத்திலும் டிக்

ஒரு காலத்தில், மார்க்கெட்டிங் படித்த ஒரு பெண்ணின் பைக்குள் நூறு சர்வே படிவங்கள் குடியிருந்தன. எல்லாம் ஒரே ஜெராக்ஸ் கடையில் ஒரே காலையில் பிறந்தவை. இருந்தும் பைக்குள் அவை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தன.

அந்தப் பெண்ணின் பெயர் சுகிர்தா. திருச்சிக்காரி, பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. கடைசி வருடம். கடையில் விற்கும் இட்லி மாவு பாக்கெட்டை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று நூறு குடும்பத் தலைவிகளைக் கேட்டு எழுதுவது அவளுடைய ப்ராஜெக்ட். உறையூரில் ஒரு தெருவுக்குள் தைரியமாகத்தான் நுழைந்தாள். ஏழு வீட்டில் கதவு திறந்தது. எட்டாவது வீட்டு அம்மாள் அவளை ஊதுபத்தி விற்க வந்தவள் என்று நினைத்து முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். சுகிர்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு தெருவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மீதி தொண்ணூற்று மூன்றையும் அவளும் தோழி தஸ்லிமாவும் கேன்டீனில் உட்கார்ந்து நிரப்பினார்கள். கையெழுத்து ஒன்றுபோல் தெரியக் கூடாதே என்று நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றிக்கொண்டார்கள். தஸ்லிமா கொஞ்சம் இடக்கையாலும் எழுதினாள். இதை அங்கே யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. அந்தக் கேன்டீனில் வருடாவருடம் டீயைவிட அதிகமாகத் தயாராவது மக்கள் கருத்துதான்.

நூறு படிவங்களும் சேர்ந்து ஒரு வட்டப்படத்தைப் பெற்றெடுத்தன. நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் கடை மாவை மனமகிழ்ச்சியோடு வாங்குகிறார்கள் என்று அது சொன்னது. நல்ல உருண்டை, நல்ல நிறம். தன் அழகில் தானே சொக்கிப்போய் ஃபைலின் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. மார்க்கெட்டிங் படித்தால் போவதற்கு எத்தனையோ வழி என்று முதல் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். விளம்பரம், விற்பனை, பிராண்டு, ஆய்வு என்று போர்டு நிறைய எழுதியும் போட்டார்கள். விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வந்து, சுகிர்தாவுக்குக் கற்பனை போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பைக்குள் தொண்ணூற்று மூன்று கற்பனைப் பெண்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. விற்பனைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், புதியவர்களிடம் பேசப் பயப்படுகிறாள் என்றார்கள். கடைசியாக வந்தது ஒரு மாவு கம்பெனி. அதன் ஆய்வுப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டுமாம்.

அதுவும் போனால் அவ்வளவுதான். வீட்டில் ஜாதகத்தை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா என்ன?

தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வேர்த்து ஃபைலின் அட்டை நனைந்தது. உள்ளே படிவங்களுக்கும் நிலைகொள்ளவில்லை.

"எனக்கு மிகவும் அச்சமாக உள்ளது," என்றது நாற்பத்தொன்றாம் எண். வளர்மதி, வயது முப்பத்திரண்டு, இல்லத்தரசி என்று அதில் எழுதியிருந்தது. கேன்டீனில் நிரம்பியவை எல்லாம் இப்படிப் பாடப்புத்தகத் தமிழ்தான் பேசும்.

"நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்," என்று வட்டப்படம் அதட்டியது. பிறகு அடியில் கிடந்த ஏழு படிவங்களையும் பார்த்து, இன்னும் கீழே போங்கள் என்று முறைத்தது.

அந்த ஏழில் ஆறாம் எண்ணின் மேல்தான் எல்லோருக்கும் எரிச்சல். அதன் ஓரத்தில் மாவுக் கறை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. கடை மாவு வாங்குவீர்களா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தது. பார்க்கவே ஒரு லட்சணம் இல்லை.

ஆறாம் எண் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "பயப்படாதடி. உன்னை அவ விட்டுக்குடுக்க மாட்டா. நீ அவளே பெத்த பொண்ணு. நான்தான் வேத்தாள்," என்றது.

சுகிர்தாவைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மாவு கம்பெனியின் ஆய்வுப் பிரிவுத் தலைவி வசுந்தரா உட்கார்ந்திருந்தார். வட்டப்படத்தை ஒரு நொடி பார்த்தார், பக்கத்தைத் திருப்பிவிட்டார். அதற்கு மூஞ்சி சுருங்கிப்போயிற்று. படிவக் கட்டைக் கையில் எடுத்துச் சீட்டு உருவுவதுபோல ஒன்றை உருவினார். நாற்பத்தொன்று.

"இந்த வளர்மதி எப்படிப்பட்டவங்க? சொல்லுங்க."

செத்தோம் என்று சுகிர்தா நினைத்தாள். ஆனால் வாய் திறந்ததும் வார்த்தை தானாக வந்தது. வளர்மதிக்கு இரண்டு பிள்ளைகள், காலையில் பள்ளிக்கூட வேன், அரைக்க நேரமில்லை, பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்கமாட்டார் என்று அடுக்கினாள். வசுந்தரா தலையாட்டினார். அடுத்து எழுபத்தேழை உருவினார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கணவன், ஒரு ஸ்கூட்டர், வங்கியில் ஒரு உத்தியோகம் எல்லாம் நிமிடத்தில் அமைந்தன. வசுந்தரா சிரித்தே விட்டார். சுகிர்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்றாவதாக உருவியது ஆறாம் எண்.

"இது என்ன, ரெண்டு கட்டத்துலயும் டிக் இருக்கு? வாங்குவாங்களா, மாட்டாங்களா?"

சுகிர்தாவுக்கு அந்த வீடு கண்முன்னே வந்தது. பூங்காவனம் என்ற அந்த அம்மாள் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார். தோள்மூட்டு தேய்ந்துவிட்டதால் இரண்டு வருடமாகக் கடை மாவுதான். கணவர் வருவதற்குள் பாக்கெட்டைப் பிரித்துத் தூக்குச்சட்டியில் ஊற்றிவிடுவாராம். அவர் சாப்பிட்டுவிட்டு, என்ன இருந்தாலும் கடை மாவுக்கு உன் கைப்பக்குவம் வராது என்பாராம். அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார், சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் ஆம் என்று டிக் போட்டார். அப்புறம் யோசித்து, இல்லை என்றும் போட்டார். அவருக்கு இரண்டுமே உண்மையாகத்தான் இருந்தது.

இதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? வளர்மதியைப்போல இந்த அம்மாள் நான்கு வாக்கியத்துக்குள் அடங்கவில்லை.

"வாங்குவாங்க மேடம். ஆனா... வாங்க மாட்டேன்னும் சொன்னாங்க. அவங்க வீட்டுல வந்து..." என்று சுகிர்தா திக்கினாள்.

வசுந்தரா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பதினாலு வருஷமா படிவம் பாக்கறேம்மா. பொய் எதுன்னு தொட்டாலே தெரிஞ்சிடும். மத்ததெல்லாம் அவ்வளவு தெளிவா இருக்கு. இது ஒண்ணை மட்டும் நீங்களே அவசரத்துல உக்காந்து நிரப்பியிருக்கீங்க. ஒத்துக்குங்க, ஒண்ணும் செய்ய மாட்டேன்."

ஆறாம் எண் உண்மை என்று சொன்னால் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். தெருவுக்குப் போனால் வளர்மதி வீடு எது என்று கேட்பார்கள். இது படிவங்களுக்கே புரிந்தபோது சுகிர்தாவுக்குப் புரியாமல் இருக்குமா? ஜாதகம் ஞாபகத்துக்கு வந்தது. மேஜைமேல் கிடந்த படிவத்தின் மாவுக் கறையை ஒருமுறை பார்த்தாள். அதற்குமேல் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஆமா மேடம்," என்றாள். "அது நான் எழுதினதுதான்."

"குட். மறைக்காம சொன்னீங்க பாருங்க, எங்களுக்கு அந்த நேர்மைதான் வேணும்."

வசுந்தரா ஆறாம் எண்ணை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு உயிர் தப்பிய சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. நாம் யார், நம் பெயரில் என்ன நடந்தது என்று பக்கத்துப் படிவத்தைக் கேட்டது. வட்டப்படம் மட்டும், தொண்ணூற்றொன்பதுக்குக் கணக்குப் போட்டால் தன் நிறம் இன்னும் பளிச்சென்று தெரியும் என்றது.

சுகிர்தாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்தபோது அவள் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஊர் ஊராகப் போய் நிரப்பிக்கொண்டு வரும் படிவங்களில் எது மெய், எது பொய் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை.