ஆயிரம் பேர் வைத்த இரண்டு கைநாட்டு

ராஜாக்கள் நாடாண்ட காலம். தென்கரை நாட்டை இரணசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் யாருக்கு மாலை போட்டானோ அவனையே மத்தியானம் சிறையில் போடச் சொல்வான்.

அவன் ஆட்சியில் வடமண்டலத்துக்குத் தலைவராக இருந்தவர் சேந்தன். பரிசல்காரர் மகன். ஒரு பெருவெள்ளத்தின்போது மூன்று நாள் துடுப்பைக் கீழே வைக்காமல் ஜனங்களைக் கரை சேர்த்தவர். அந்தப் பேரில்தான் பதவி வந்தது. பதவியோடு புகாரும் வந்தது. நடுவில் ஒருமுறை ராஜாவோடு மனஸ்தாபப்பட்டு, ராஜாவின் தம்பி பக்கம் போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தார். கேட்டால், "ஜனங்களுக்காகத்தான் போனேன், ஜனங்களுக்காகத்தான் வந்தேன்" என்றார்.

தென்மண்டலத் தலைவர் மருதப்பருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சபையில் சேந்தன் பேசினால் ராஜா சிரிப்பான். மருதப்பர் பேசினால் கொட்டாவி விடுவான். அதை எத்தனை வருஷம்தான் பொறுப்பார்?

ஒருநாள் மருதப்பர் பெரிய ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து ராஜா முன் வைத்தார்.

"மகாராஜா, வடமண்டலத்து ஜனங்கள் ஆயிரம் பேர் கைநாட்டு வைத்த புகார். அங்குள்ள பெரிய ஏரியின் கிழக்குக் கரையைச் சேந்தன் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டார். இனியும் இவருக்குப் பதவி எதற்கு?"

சேந்தன் பதறவில்லை. ஆளை அனுப்பித் தன் வீட்டிலிருந்து இன்னொரு கட்டை வரவழைத்தார். "இதிலும் ஆயிரம் கைநாட்டு இருக்கிறது, மகாராஜா. எல்லாம் என்னைப் பாராட்டி."

அமைச்சர் ஆதனூரார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

"ராஜாவே, இரண்டிலும் அதே பேர்கள்தான்."

ராஜா துள்ளி எழுந்தான். "இங்கே ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சா? பொய்யர்கள்! ஆயிரம் பேரையும் நாடு கடத்துங்கள்!"

இத்தனை நாள் ஜனங்களின் பேரைச் சொல்லியே வளர்ந்த சேந்தனும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பொய்யர்கள் இல்லை என்று சொன்னால் புகார்க் கட்டும் உண்மையாகிவிடுமே என்ற பயம்.

ஆதனூரார்தான் பேசினார். "அப்படியே செய்யலாம், ராஜாவே. அதற்கு முன்னால் அவர்களில் ஒருத்தரையாவது கேட்டுவிடுவோம்."

மூன்றாம் நாள் வெள்ளத்தாய் என்ற பெண் வந்து நின்றாள். சுண்ணாம்பு சுடுகிறவள். கையெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"இரண்டு ஓலையிலும் உன் கைநாட்டு இருக்கிறது. எதில் பொய் சொன்னாய்?" என்று எழுந்து நின்று உறுமினான் ராஜா.

"எதுலயும் இல்லீங்க சாமி. பஞ்சம் வந்தப்ப மதகைத் தொறந்துவிட்டு எங்களைக் காப்பாத்துனது இவருதான். கிழக்குக் கரையை மச்சானுக்குக் குடுத்து, எங்களுக்கு வர்ற தண்ணியை மறிச்சதும் இவருதான். ஒரு எழுத்தரு வந்து இவரு என்ன கெட்டது செஞ்சாருன்னு கேட்டாரு, சொன்னேன். இன்னொருத்தரு நல்லதை மட்டும் கேட்டாரு, அதையும் சொன்னேன். ரெண்டையும் சேத்துக் கேக்க ஒருத்தரும் வரலியே சாமி!"

ராஜா மெல்ல உட்கார்ந்தான்.

"ராஜாவே, ஒரு விண்ணப்பம்" என்றார் ஆதனூரார். "கட்டுகளை மாற்றிக் கொடுப்போம். பாராட்டை மருதப்பர் படிக்கட்டும், புகாரைச் சேந்தன் படிக்கட்டும். வாய்விட்டு."

பஞ்சத்தில் சேந்தன் கஞ்சி ஊற்றிய கதையை மருதப்பர் வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு படித்தார். பத்தாவது ஓலையில் தொண்டை கட்டிவிட்டது என்றார். சேந்தன் நன்றாகத்தான் ஆரம்பித்தார். 'பரிசலில் என் பிள்ளையைத் தூக்கி ஏற்றிய அதே கை என் வயலைக் காயப்போட்டது' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டார். கட்டை மூடி வைத்தார்.

"கரையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் கடைசியில். இந்தத் தடவை 'ஜனங்களுக்காக' என்று சேர்த்துச் சொல்லவில்லை.

மருதப்பர் லேசாகச் சிரித்தார். ஆதனூரார் அவர் பக்கம் திரும்பினார். "உங்களைப் பற்றியும் இரண்டு கட்டு வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தேன். பதினைந்து வருஷமாக ஆள்கிறீர்களே! வெறும் ஓலையாகவே திரும்பி வந்திருக்கிறது. 'மருதப்பரா, யார் அவர்?' என்று கேட்டார்களாம்."

சபையே சிரித்தது. மருதப்பர் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை.

ராஜா வெள்ளத்தாயைப் பார்த்தான். "உன் வாய்க்கு ஒரு பரிசு தரவேண்டும். கேள்."

"மதகு தொறக்குற அதிகாரத்தை ஊருக்கே குடுத்துடுங்க சாமி. தலைவரு நல்லவரா கெட்டவரான்னு தெனமும் யோசிச்சுக் கெடக்க எங்களால ஆகாது."

ராஜா சேந்தனைப் பார்த்தான். சேந்தன் சம்மதமாகத் தலையை ஆட்டினார். ராஜாவின் மனசு மாறுவதற்குள் ஆதனூரார் ஓலையில் முத்திரை வாங்கிவிட்டார்.

ஐப்பசியில் ஊர்க்காரர்கள் தாங்களே மதகு திறந்தார்கள். சேந்தனும் போயிருந்தார். யாரும் மாலை கொண்டுவரவில்லை. எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது என்று அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். வெள்ளத்தாய்தான் அவரைக் கவனித்தாள்.

"தலைவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தண்ணி வருது."

சேந்தன் தள்ளி நின்றார்.