முட்டையிடாத பாம்பு

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலைம்மா அவ," என்றார் ஏகாம்பரம்.

யோகாம்பிகை அம்மையார் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பெத்த மகம்மா. பவழம். அஞ்சு வயசு. காய்ச்சல் கொண்டுபோயிடுச்சு. நான் தெருவுல விழுந்து புரண்டேன். ஊரே என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. என் பொண்டாட்டி செங்கமலம் சுவரோரமா நின்னா. அவ்வளவுதான்."

"சரி."

"அந்தக் கல்லோட இனிமே என்னால வாழ முடியாது. இங்கேயே கிடக்கறேன். சீடனா ஏத்துக்கணும்."

"பாம்புகளுக்குத் தண்ணி வைங்க," என்றார் அம்மையார்.

மலையடிவாரத்து அந்த ஆசிரமத்தில் மனிதரைவிடப் பாம்புகள் அதிகம். யார் யாரோ ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் பயந்துபோய், பெட்டியோடு வாசலில் விட்டுப் போனவை. அம்மையார் ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை.

பர்மா மலைப்பாம்பு தூண் பருமன் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இன்னொன்று, தொட்டால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். நியூகினிப் பச்சைப் பாம்பு, கிளையில் மடித்துப் போட்ட துண்டு மாதிரி கிடக்கும். தென் அமெரிக்காவின் போவாப் பாம்புக்கு முதுகெல்லாம் காவிக் கறை. நம்மூர் மண்ணுளியோ மணலை விட்டு வெளியே வருவதே இல்லை.

"எல்லாம் ஒரே வகைதானாம்மா?"

"இரையைச் சுத்தி இறுக்கறது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வேற வேற."

ஒருநாள் பர்மாக்காரி முட்டையிட்டாள். முட்டைகளைச் சுற்றி வளைத்துப் படுத்தாள். எலி வைத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. குளிர்ந்த காலைகளில் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஜுரமாம்மா?"

"இல்லை. நடுங்கினா உடம்பு சூடாகும். அந்தச் சூடு முட்டைக்கு."

ஏகாம்பரம் அந்தக் கூண்டின் முன் உட்கார்ந்து அழுதார்.

"இவ தாய்," என்றார்.

போவாவின் கூண்டைக் கடக்கும்போது மட்டும் அவருக்கு எரிச்சல் வரும். வெயில் விழும் மூலையில் அது அசையாமல் கிடக்கும். வைத்த எலி வைத்தபடி இருக்கும்.

"இதுக்கு என்ன கேடு? முட்டையா, அடைகாக்கற வேலையா? கொழுப்பு."

அம்மையார் காதில் விழாததுபோலப் போய்விடுவார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலை, போவாவின் கூண்டுக்குள் குட்டிகள் நெளிந்தன. ஈரம் காயாத, விரல் பருமன் குட்டிகள். நடுவில் ஒன்று மட்டும் சவ்வுக்குள் சுருண்டபடியே கிடந்தது. அசையவில்லை.

ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது முட்டை போடாதாம்மா?"

"போடாது. வயித்துக்குள்ளேயே வச்சுக்கும்."

"அப்போ இத்தனை மாசமும் சாப்பிடாம கிடந்தது..."

"ஆமா."

"வெயில்லயே கிடந்தது..."

"ஆமா."

"பாத்தா ஒண்ணும் தெரியலையேம்மா."

அம்மையார் கூண்டைத் திறந்தார். இறந்த குட்டியை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"புதைச்சிட்டு வாங்க."

வேலியோரம் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளி மூடினார். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். திரும்பி வந்து கை கழுவியபோது அம்மையார் கேட்டார்:

"செங்கமலம் சாப்பிடறாளா?"

மகள் போன பிறகும் அவள் வேளை தவறாமல் ஏகாம்பரத்துக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார். அவள் சாப்பிட உட்கார்ந்து ஒருநாளும் பார்த்த நினைவில்லை.

கையைத் துடைத்தார். உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"நான் புறப்பட்ட அன்னிக்கு அவ தன் ரவிக்கையெல்லாம் பிரிச்சுத் தச்சுக்கிட்டிருந்தாம்மா," என்றார். "ஒவ்வொண்ணா. சின்னதாக்கி."