ஏப்ரன் பை

“இந்த பயம் எப்பக்கா போகும்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

மெட்டில்டா மேஜைமேல் குப்புறக் கிடந்த பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவள். ஜெசிந்தா அவளிடம் தொழில் கற்க வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்த பெட்டி. சூடேறினால் கரகரக்கும்.

மூன்று நாளாக ஜெசிந்தா அதோடு மல்லுக்கட்டுகிறாள். கரகரவென்றதும் பாய்ந்து அணைப்பாள். பிளக்கைப் பிடுங்குவாள். உள்ளே தேங்கிய கரண்ட்டை வடியவிட்டு, அங்குலம் அங்குலமாகத் தேடுவாள்.

அதற்குள் பெட்டி ஆறிவிடும். ஆறின பெட்டியில் ஒரு குறையும் இருக்காது.

முன்னறைத் தொட்டிலில் அவளுடைய ஏழு மாதக் குழந்தை தூங்கியது. நிமிஷத்துக்கொரு தரம் போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். அதனாலேயே பிள்ளை இரண்டு தரம் முழித்துக்கொண்டது. அதையும் கழற்றிப் பார்த்தால்தான் உனக்கு நிம்மதி வரும் என்று மெட்டில்டா கேலி செய்திருந்தாள்.

“கரகரக்கும்போது அணைச்சிட்டா எப்படிக் கண்டுபிடிப்பே?”

“ஓடும்போது உள்ள நானூறு வோல்ட்டுக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்கு யாரு இருக்கா? நாளையிலேர்ந்து நான் வரல.”

மெட்டில்டா தலையாட்டினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன.

ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கைதான் போகலாம். இரண்டும் போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும். அதனால் மெட்டில்டாவின் இடது கை எப்போதும் ஏப்ரன் பைக்குள் இருக்கும். பார்த்தால், பஸ்ஸுக்கு நிற்பவள்போலத் தெரிவாள்.

அந்த ஏப்ரனைக் கழற்றி, அவள் ஜெசிந்தாவின் இடுப்பில் கட்டினாள்.

பெட்டி கரகரக்கத் தொடங்கியது.

ஜெசிந்தாவின் வலது கை சுவிட்சுக்குப் பாய்ந்தது. மெட்டில்டா அதைப் பிடித்து, ஒரு மூங்கில் குச்சியைத் திணித்தாள். பற்றவைத்த ஈயம் விட்டுப்போன இடம் சூட்டில்தான் வாய் திறக்கும் என்றாள். குச்சியால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்ட வேண்டும். எங்கே தட்டும்போது சத்தம் மாறுகிறதோ, அதுதான் இடம்.

ஜெசிந்தா இடது கையைப் பைக்குள் விட்டாள். அது தானாக இறுகியது.

விரல்கள் துணியைத் தாண்டி வெளியே போயின.

தடவிப் பார்த்தாள். வரிசையாக நான்கு ஓட்டைகள். துணியோடு கையை இறுக்கினால் நகம் பதிகிற இடத்தில் ஒவ்வொன்று.

போன கிறிஸ்துமஸுக்கு அந்த ஏப்ரனைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

“பைக்கு ரெட்டைத் துணி வச்சுத்தானே தச்சேன்க்கா...”

“ஆமா,” என்றாள் மெட்டில்டா. “முன்ன இருந்த பையெல்லாம் இவ்வளவு நாள் தாங்கல. ம், தட்டு.”