கயிறு கேட்டான் யாக்கோபு

"சிங்கிளா, ஈ.பி.யா, ஆல்பமா? நீயே சொல்லு வாத்யாரே. எனுக்கு வயிறு எரியுது," என்றார் தேவசகாயம்.

வாத்தியார் ரெஜினாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சாவு வீட்டுக் கானாப் பாட்டில் யார் முதலில் பாட உட்கார்ந்தாரோ அவர்தான் வாத்தியார். நரைத்த தலைக்கெல்லாம் அங்கே தனி மரியாதை கிடையாது. ரெஜினா பாவாடை கட்டிய நாளிலிருந்து பாடுகிறாள். தேவசகாயம் ஆட்டோ ஓட்டி அலுத்த பிறகு வந்து சேர்ந்தவர்.

"இன்னாண்ணா ஆச்சு?"

அவர் கொட்டித் தீர்த்தார்.

யாக்கோபின் சாவு வீட்டில் அவர் பாடிய பாட்டை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி ஒரு மியூசிக் கம்பெனியின் காதுக்குப் போயிருக்கிறது. கூப்பிட்டு, காப்பி கொடுத்து, ஏ.சி. ரூமில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள்.

யாக்கோபு பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்க இறங்கியவன். இறங்கினான், ஏறவில்லை. அவன் பிறந்தது, அவன் மீசை, கேரம் ஆட்டம், கல்யாணம், பெண் குழந்தைகள், கடைசியில் அந்தக் குழி. எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. பாடி முடிப்பதற்குள் சாமியானாவின் நிழல் எதிர்ச் சுவருக்குப் போய்விடும்.

கம்பெனிக்கு அவ்வளவு நீளம் ஆகாதாம். முதலில் ஒரே ஒரு பாட்டு, மூன்று நிமிஷம், அது சிங்கிள். அது ஓடினால் நாலு பாட்டு, அது ஈ.பி. அதுவும் ஓடினால் பிறகு பார்க்கலாம் ஆல்பத்தை. மீசை போச்சு. கேரம் போச்சு. கல்யாணமும் போச்சு.

"ஒரு ஆம்பள வாழ்ந்த வாழ்க்க மூணு நிமிஷமா வாத்யாரே? போட்டா முழுசா ஆல்பமாத்தான் போடுவேன். இல்லன்னா வேணாம். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

கோபம் நியாயமான கோபம்தான். செத்தவனுக்கு நிமிஷக் கணக்குப் பார்க்கிறவனைக் கண்டால் யாருக்குத்தான் எரியாது?

ரெஜினா அடுப்புக்குப் பக்கத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். குச்சிகளைக் கீழே கொட்டினாள். காலிப் பெட்டியை விரல்களால் தட்டித் தாளம் பிடித்தாள்.

"அவுங்க கேட்ட மாரியே பாடு."

அவர் பாடினார். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனாலும் குரல் குரல்தான்.

"கயிறு கேட்டான் யாக்கோபு
கையை விரிச்சது இந்த ஊரு."

தாளம் நின்றது.

அவர் இன்னும் ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இன்னா வாத்யாரே, தாளத்த வுட்டுட்ட?"

ரெஜினா குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"சாவு வீட்ல பாட உக்காந்தா எப்போண்ணா எழுந்திரிக்கணும்?"

"வீட்டுக்காரங்க போதும்னு சொன்னா."

"அப்போ யாக்கோபு பொஞ்சாதியாண்ட போய்ப் பாடு. இத்தையே பாடு."

தேவசகாயத்துக்குக் கோபம் இரட்டிப்பானது. ஆல்பத்தைப் பற்றிக் கேட்டால் அரிச்சுவடியை எடுத்து நீட்டுகிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

யாக்கோபு குடியிருந்த சந்து குறுகலானது. பக்கத்து வீட்டு சரசுவின் துணிகள் மதில்மேல் கிடந்தன. மதில் முழுக்கக் காக்கை எச்சம். கொடி கட்ட வீட்டுக்கு வீடு ஆணி அடித்திருக்க, இவள் எதற்கு இப்படி அசிங்கத்தில் துணியைப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே படியேறினார்.

யாக்கோபின் மனைவி சலோமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு கம்பெனிக்குப் போகப்போகிறது என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடச் சொன்னாள்.

அவர் பாடினார். அந்த வரி வந்தது.

சலோமி கையைத் தூக்கினாள்.

"எந்த ஊருண்ணா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். சாவு வீட்டில் பாடியதில் அந்த இடத்தில், இடுப்பில் கட்டக் கயிறு தராமல் அவனைக் குழிக்குள் இறக்கிய காண்டிராக்டர் தனசேகரின் பெயர்தான் இருந்தது. பெயரை வைத்துப் பாடினால் கேஸ் போடுவான், ஊர் என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். மெட்டுக்கும் உட்கார்ந்தது. சரி என்று அப்போதே தலையாட்டிவிட்டார். மூன்று நிமிஷம் என்றதும் கொதித்தவர், இதைக் கேட்டுக் கொதிக்கவில்லை.

"ஊருன்னா பொதுவாத்தான் சலோமி. யாரையும் குறிக்கல."

"அந்த மதில பாத்துக்கினுதான வந்த? சரசுக்காதான் கொடிய அறுத்துக்கினு குழியாண்ட ஓடியாந்துச்சு. ஈரத்துணியெல்லாம் கயித்தோட ரோட்ல இழுத்துக்கினே வந்துச்சு. லேட்டாயிடுச்சு. அன்னைலேருந்து அது வேற கொடி கட்டல. கட்ட மனசு வரல. அதுவாண்ணா கைய விரிச்சுது?"

தேவசகாயம் தலை குனிந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கயிறு கொடுக்காதவனை மறைத்து, கயிறு கொண்டு வந்தவள் தலையில் பழியைப் போட்டு, அதை மூன்று நிமிஷத்துக்கு அடக்கவும் இருந்தார்கள். அதற்கு இவர் வாயே துணை.

தனசேகர் பெயரோடு, மீசையோடு, கேரம் போர்டோடு, குழந்தைகளின் பெயரோடு முழுப் பாட்டையும் ஆல்பமாகப் போடுகிறேன், ஒரு எழுத்தையும் வெட்ட மாட்டேன் என்றார்.

சலோமி கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள்.

"மீச வேணாம். கேரம் வேணாம். என் பேரு வேணாம், புள்ளைங்க பேரும் வேணாம். அத்தெல்லாம் எங்க வீட்டு விசயம், எங்களுக்கே தெரியும். வெளிய தெரியாதது ஒண்ணுதான். அத்த மட்டும் பாடு."

வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. கம்பெனிக்காரர். முடிவு ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"ஆயிடுச்சு சார். ரெண்டு வரி."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இரண்டு வரிக்கு எங்களிடம் பெயரே இல்லையே என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, இப்போது சின்னச் சின்னதாகத்தான் ஓடுகிறது, அதையும் போடலாம், ஊர் என்று பாடினால் போதும் என்றார்.

தேவசகாயம் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

திரும்பி வந்து ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனி போச்சு வாத்யாரே. இத்த எங்க போய் ரெக்கார்டு பண்றது?"

ரெஜினா தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வா."

போகிற வழியில் சலோமியைக் கூப்பிட்டாள். சரசு கூப்பிடாமலே வந்தாள்.

தனசேகர் வீட்டு கேட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. ரெஜினா தன் போனை எதிர் மதில்மேல் சாய்த்து நிறுத்தி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். குச்சிகளைக் கொட்டினாள். தட்ட ஆரம்பித்தாள்.

"கயிறு கேட்டான் யாக்கோபு
கையை விரிச்சான் தனசேகரு."

இந்தத் தடவை தாளம் நிற்கவில்லை.

தேவசகாயம் திரும்பவும் பாடினார். திரும்பவும் பாடினார். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் குடத்தோடு நகர்ந்து வந்தார்கள். மாடி ஜன்னல் திறந்து மூடியது. தெருக்கோடி வரைக்கும் அந்த இரண்டு வரிகளும் போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்தது. தனசேகர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"போதும். நிறுத்துய்யா."

பழக்கதோஷம், தேவசகாயத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் போதும் என்றால் எழுந்துவிட வேண்டுமே. அவர் ரெஜினாவைப் பார்த்தார்.

அவள் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாவு யாரு வீட்லண்ணா?"

அவர் சலோமியின் பக்கம் திரும்பினார்.

சலோமி கேட்டுக்கு நேர் எதிரே, நடுத்தெருவில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனுக்கு இன்னும் போதலண்ணா," என்றாள்.